தன்னார்வத் திட்டத்தின் மதிப்பீட்டுப் பணத்தை எதில் போடுவது? ஆறு வழிகள், ஓர் ஒப்பீடு

மானியம் கைக்கு வந்ததும் திட்டத்தை நடத்துபவர் முன் வந்து நிற்கும் கேள்வி இது: 'கண்காணிப்பு, மதிப்பீடு' என்று பட்ஜெட்டில் ஒதுக்கிய சிறு தொகையை எதில் செலவழிப்பது? குழந்தைகளுக்குப் படிப்புச் சொல்லித்தரும் திட்டமாக இருக்கலாம், தனியாக வாழும் முதியவர்களைப் போய்ப் பார்த்துவரும் திட்டமாக இருக்கலாம், பேரிடர் நேரத்தில் ஓடி வரும் குழுவாக இருக்கலாம். தொகை ஒன்றுதான், வழிகள் ஐந்தாறு. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் செய்து பார்ப்போம் என்று இறங்கினால் எதிலிருந்தும் உருப்படியான பதில் வராது. தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும்.

வழிகளை ஒப்பிடும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்தத் தரவு வந்த பிறகு எந்த முடிவு மாறப் போகிறது, அதை யார் மாற்றுவார், எப்போது? 'இரண்டு மையங்களை மூடுவதா வேண்டாமா' என்பது ஒரு முடிவு. 'தன்னார்வலர் பயிற்சியை இரண்டு நாளிலிருந்து ஐந்து நாளாக்குவதா' என்பது இன்னொன்று. 'இதைப் பத்து மடங்கு பெரிதாக்க நிதி தருபவர் தயாராக இருக்கிறார், ஆக்கலாமா' என்பது முற்றிலும் வேறு. முதல் இரண்டுக்கும் நல்ல பதிவேடு போதும். மூன்றாவதற்குப் போதாது. எந்த முடிவும் மாறாது என்றால், சேகரிக்காமலே இருக்கலாம். அந்தப் பணத்துக்கு இன்னும் நாலு அமர்வு நடத்திவிடலாம்.

என் பார்வையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான தன்னார்வத் திட்டங்களுக்கு முதல் செலவு ஆள்வாரியான பதிவேட்டில் போக வேண்டும். இரண்டாவது செலவு, அதாவது நேரம், ஏற்கெனவே பிறர் செய்த ஆய்வுகளைப் படிப்பதில் போக வேண்டும். திட்டம் கிடைக்காத ஒத்தவர்களை ஒப்பீட்டுக் குழுவாக வைத்துச் செய்யும் ஆய்வு சில இடங்களில் மட்டும் தேவை, ஆனால் தேவைப்படும் இடத்தில் அதற்கு மாற்றே கிடையாது. எல்லோரும் அதிகம் செய்கிற முன்-பின் சோதனையைத்தான் நான் கடைசியில் வைப்பேன்.

எண்ணிக்கை

எத்தனை தன்னார்வலர்கள், எத்தனை மணிநேரம், எத்தனை பயனாளிகள்: எல்லோரும் முதலில் எடுப்பது இதைத்தான். செலவு குறைவு. நிதி தருபவரின் படிவமும் பெரும்பாலும் இதைத்தான் கேட்கும். மணிநேரத்தைப் பணமாக மாற்றிக் காட்டும் பழக்கமும் உண்டு. அமெரிக்காவில் இன்டிபென்டன்ட் செக்டார் என்ற அமைப்பு ஒரு தன்னார்வ மணிநேரத்தின் மதிப்பை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2023-க்கு அது 33.49 டாலர். ஆயிரம் மணிநேரம் உழைத்த திட்டம் 33,490 டாலர் என்று அறிக்கையில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அந்த எண் ஊதிய விவரங்களிலிருந்து வருவது. அதே வேலையைச் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்தால் என்ன ஆகும் என்பதன் தோராயம் அது. அந்த ஆயிரம் மணிநேரத்தில் எந்தக் குழந்தைக்காவது எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததா என்று அதைக் கேட்க முடியாது. மானியத்துக்கு ஈடாக அமைப்பின் சொந்தப் பங்கைக் காட்டச் சொல்லும் இடத்தில் இந்த எண்ணை வைக்கலாம். 'பலன்' என்ற தலைப்பின் கீழ் வைக்கக் கூடாது.

எண்ணிக்கையோடு வரும் இன்னொரு ஆபத்தை அமெரிக்க சமூக அறிவியலாளர் டொனால்ட் கேம்ப்பெல் 1970-களிலேயே எழுதிவிட்டார்: ஓர் அளவீட்டை வைத்து எந்த அளவுக்கு முடிவுகள் எடுக்கிறோமோ, அந்த அளவுக்கு அந்த அளவீடு கெடும், அது கண்காணிக்க வந்த வேலையையும் சேர்த்துக் கெடுக்கும். நம் துறையில் இது நடக்கும் விதம் எளிது. எத்தனை பேரைச் சேர்த்தோம் என்பதை வைத்து மானியம் புதுப்பிக்கப்படும் என்றால், ஒருங்கிணைப்பாளர் ஏதாவது ஒரு பெரிய கூட்டத்துக்குப் போய் நூறு பேரிடம் கையெழுத்து வாங்கி வந்துவிடுவார். அதில் முக்கால்வாசிப் பேர் ஒரு நாளும் வரமாட்டார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, படிவமும் சரியாகத்தான் நிரம்பியிருக்கிறது. ஆனால் அந்த ஒருங்கிணைப்பாளரின் ஒரு மாத உழைப்பு தவறான இடத்தில் போய்விட்டது.

பதிவேடு

இதே எண்ணிக்கையை மொத்தமாகக் கூட்டாமல் ஆள்வாரியாக, தேதிவாரியாக எழுதினால் அது வேறொன்றாகிவிடுகிறது. தன்னார்வலர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. அதில் நான்கு தேதிகள்: பெயர் கொடுத்த நாள், நம் பக்கமிருந்து முதலில் கூப்பிட்டுப் பேசிய நாள், முதல் முறை வேலைக்கு வந்த நாள், கடைசியாக வந்த நாள். பயனாளி ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: சேர்ந்த நாள், சேரும்போது இருந்த நிலை, பொறுப்பான தன்னார்வலர், நடந்த அமர்வுகள், அவற்றில் வந்தவை, நின்ற நாள். அவ்வளவுதான். சாதாரண எக்செல் போதும். விலை கொடுத்து மென்பொருள் வாங்குவதற்கு முன் ஒரு ஆண்டாவது இதை ஒழுங்காக நிரப்பிப் பார்ப்பது நல்லது. எக்செல் நிரம்பாத இடத்தில் மென்பொருளும் நிரம்பாது.

அந்த நான்கு தேதிகள் என்ன சொல்லும் என்று ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். 200 பேர் பெயர் கொடுத்தார்கள். அதில் 150 பேரைக் கூப்பிட்டுப் பேசினோம். 90 பேர் முதல் அமர்வுக்கு வந்தார்கள். மூன்று மாதம் கழித்து 70 பேர், ஆண்டு முடிவில் 55 பேர். அறிக்கையில் '200 தன்னார்வலர்கள்' என்று போகும். உள்ளுக்குள், '55 பேர்தான் நிலைத்தார்கள், தக்கவைக்க ஏதாவது செய்ய வேண்டும்' என்று பேச்சு எழும். பாராட்டு விழா, சான்றிதழ், டீ-ஷர்ட் என்று யோசனைகள் வரும். தேதிகளைப் பார்த்தால் கதை வேறு. ஒரு நாள்கூட வராமலே போனவர்கள் 110 பேர். வந்து பார்த்துவிட்டுப் பிறகு நின்றவர்கள் ஆண்டு முழுக்கச் சேர்த்து 35 பேர்தான். ஓட்டை இருப்பது வாசலில். விழா நடத்தும் பணத்தில், பெயர் கொடுத்தவரை அடுத்த நாளே கூப்பிட ஒருவரைப் பகுதி நேரமாக வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் அதே பட்டியலை, பெயர் கொடுத்ததற்கும் கூப்பிட்டதற்கும் இடையில் எத்தனை நாள் என்று பார்த்து வரிசைப்படுத்துங்கள். மூன்று நாளுக்குள் கூப்பிட்டவர்களில் எத்தனை சதவீதம் பேர் வந்தார்கள், மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டவர்களில் எத்தனை? ஒரு மதியப் பொழுதில் கிடைக்கும் பதில் இது. அதிலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். ஆர்வமாகப் பேசியவர்களைத்தான் ஒருங்கிணைப்பாளர் முதலில் கூப்பிட்டிருப்பார். அப்படியானால் சீக்கிரம் கூப்பிட்டதன் பலனா, ஆர்வத்தின் பலனா என்று பிரிக்க முடியாது. அடுத்த மாதம் நாணயம் சுண்டிப் பாதிப் பேரை உடனேயும் பாதிப் பேரை வழக்கப்படியும் கூப்பிட்டால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். இதற்குத் தனி மானியம் எதுவும் தேவையில்லை.

பயனாளி பக்கப் பதிவேட்டின் அருமையை உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் 280 கிராமங்களில் நடந்த ஆய்வு காட்டுகிறது. அபிஜித் பானர்ஜி, ருக்மிணி பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, ரேச்சல் கிளெனர்ஸ்டர், ஸ்துதி கேமானி ஆகியோர் செய்தது. கட்டுரை 2010-இல் வெளியானது. மூன்று முயற்சிகளை அவர்கள் சோதித்தார்கள்: பள்ளிக் கல்விக் குழுக்களைப் பற்றி மக்களுக்குத் தகவல் சொல்வது ஒன்று, குழந்தைகளின் வாசிப்பை ஊராரே சோதிக்கப் பழக்குவது இன்னொன்று, உள்ளூர் இளைஞர்களைப் பயிற்றுவித்து வாசிப்பு முகாம் நடத்த வைப்பது மூன்றாவது. முதல் இரண்டால் மக்களின் ஈடுபாட்டில் மாற்றம் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் தன்னார்வலர்கள் தயக்கமின்றி முன்வந்தார்கள், முகாமுக்கு வந்த குழந்தைகள் வாசிப்பில் நன்றாகவே முன்னேறினார்கள். ஆனால் முகாமுக்கு வந்தவர்கள் அந்தக் கிராமங்களின் குழந்தைகளில் ஏறக்குறைய 8 சதவீதம் பேர்தான்.

இந்த 8 சதவீதம் தெரியாமல் கிராமத்தின் சராசரி மதிப்பெண்ணை மட்டும் பார்த்தவர், 'பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை' என்று முடிவு கட்டியிருப்பார். வருகை தெரிந்தவர், 'பாடம் வேலை செய்கிறது, குழந்தைகளை வர வைப்பதுதான் சிக்கல்' என்பார். இரண்டும் எதிரெதிரான மானிய முடிவுகளுக்குக் கொண்டுபோகும். ஒன்று திட்டத்தை நிறுத்தும். இன்னொன்று நேரத்தையோ இடத்தையோ மாற்றிப் பார்க்கும்.

எவ்வளவு காலம் என்பதும் இதே பதிவேட்டில் கிடைப்பதுதான். வளர்ந்தவர் ஒருவரை ஒரு பிள்ளைக்குத் துணையாக இணைக்கும் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் திட்டத்தின் தரவை வைத்து ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் 2002-இல் எழுதிய கட்டுரையில், ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளில்தான் பிள்ளைகளுக்கு அதிகப் பலன் தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் முறிந்த உறவுகளில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பைவிடக் குறைந்திருந்தது. பாதியில் விட்டுவிட்டுப் போகும் தன்னார்வலர் வெறும் வீண்செலவு என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது உறைக்க வேண்டும். சேர்க்கும்போதே 'ஓராண்டு இருக்க முடியுமா' என்று கேட்டு, முடியாது என்பவரை வேறு வேலைக்கு அனுப்புவது பிள்ளையைக் காக்கும் ஏற்பாடு. எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லும் படிவம் இதற்கு நேர் எதிராக இழுக்கும்.

முன்-பின் சோதனை

ஆரம்பத்தில் ஒரு தேர்வு, முடிவில் ஒரு தேர்வு, இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்தான் பலன் என்று சொல்வது இந்த வழி. பார்க்க அறிவியல்பூர்வமாக இருக்கும், வரைபடம் போட்டால் கோடு மேலே போகும். அதனாலேயே இதில் ஏமாறுவது எளிது.

குழந்தைகள் ஆறு மாதத்தில் எப்படியும் வளர்வார்கள், பள்ளியிலும் கற்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த சிக்கல். அதைவிடக் கண்ணில் படாதது இன்னொன்று. திட்டத்தில் யாரைச் சேர்க்கிறோம்? மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களை. அன்றைக்கு ஒருவர் குறைவாக வாங்கியதில் ஒரு பகுதி உண்மையான பின்தங்கல், இன்னொரு பகுதி அன்றைய தற்செயல்: காய்ச்சல், தூக்கமின்மை, கேள்வி ராசி இல்லாதது. மறுமுறை சோதிக்கும்போது அந்தத் தற்செயல் அதே பக்கம் இருக்காது. எதுவும் கற்றுத்தராமலே சராசரி ஏறிவிடும். ஃபிரான்சிஸ் கால்டன் 1886-இல் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை ஒப்பிட்டபோது கவனித்த அதே விஷயம்தான். மோசமான நிலையில் இருப்பவர்களைத் தேடிப் பிடித்து உதவும் எந்தத் திட்டமும், மனச்சோர்வு ஆனாலும் வேலையின்மை ஆனாலும், இதில் மாட்டும்.

அதற்காகச் சோதனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்தக் குழந்தை எழுத்தில் நிற்கிறது, எது சொல்லில் நிற்கிறது என்று தெரிந்து குழு பிரிக்க ஆரம்பச் சோதனை அவசியம். நடுவில் வைக்கும் சோதனை, தன்னார்வலர் அடுத்த வாரம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும். கற்பிக்கப் பயன்படும் கருவியாக அதை வைத்துக்கொண்டால் நல்லது. அதையே நிதி தருபவரிடம் 'எங்களால் வந்த பலன்' என்று கொண்டுபோகும் இடத்தில்தான் தப்பு.

கேட்டுப் பார்ப்பது

பயனாளிகளிடம் 'திட்டம் உங்களுக்கு உதவியதா' என்று கேட்பது நான்காவது வழி. கேட்கத்தான் வேண்டும், நேரம் ஒத்துவருகிறதா, தன்னார்வலர் மரியாதையாக நடந்தாரா, எதனால் நின்றார்கள் என்பதையெல்லாம் வேறு எந்த வழியிலும் தெரிந்துகொள்ள முடியாது. முக்கியமாக, நின்றுபோனவர்களிடம் கேட்க வேண்டும். தொடர்ந்து வருபவர்கள் நல்லதாகத்தான் சொல்வார்கள். ஆனால் பலனுக்கு இதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதைக் கேம்பிரிட்ஜ்-சாமர்வில் ஆய்வு போல வலிக்கும்படி வேறெதுவும் சொன்னதில்லை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவர் தொடங்கிய திட்டம் அது. 506 சிறுவர்களை இரண்டிரண்டு பேராக ஒப்புமை பார்த்து இணைத்து, நாணயம் சுண்டி ஒருவரைத் திட்டத்திலும் மற்றவரை வெளியிலும் வைத்தார்கள். 1939 முதல் 1945 வரை ஆலோசகர்கள் வீட்டுக்கே வந்தார்கள், படிப்பில் உதவினார்கள், கோடை முகாம்களுக்கு அனுப்பினார்கள். முப்பது ஆண்டு கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற குற்றவியல் ஆய்வாளர் அந்தச் சிறுவர்களைத் தேடிப் போனார். திட்டத்தில் இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில், அது தமக்கு உதவியது என்று சொன்னார்கள். ஆனால் 1978-இல் அவர் வெளியிட்ட ஒப்பீட்டில், குற்றத்தைக் குறைத்ததற்கான தடயமே இல்லை. மதுப்பழக்கம், மனநோய், இளவயது இறப்பு போன்ற சிலவற்றில் திட்டத்தில் இருந்தவர்கள் வெளியே இருந்தவர்களைவிட மோசமாக இருந்தார்கள். நல்ல மனதோடு, நல்ல ஆட்களோடு, ஆண்டுக்கணக்கில் நடந்த திட்டம். அன்று நாணயம் சுண்டாமல் விட்டிருந்தால் நன்றிக் கடிதங்கள் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

ஒப்பீட்டுக் குழு

அதனால்தான் 'திட்டம் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்' என்ற கேள்விக்கு, திட்டம் கிடைக்காத ஒத்த குழு ஒன்று வேண்டும். அந்தக் குழுவைக் குலுக்கலில் பிரிப்பது எல்லாவற்றிலும் உறுதியானது.

குலுக்கல் என்றதும் எழும் எதிர்ப்பு நியாயமானது: தேவைப்படுபவருக்கு எப்படி மறுப்பது? இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாக இருக்கும்போது, குலுக்கினாலும் குலுக்காவிட்டாலும் சிலருக்கு மறுத்துத்தான் ஆக வேண்டும். முன்னால் சொன்ன பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் திட்டத்தில் ஏற்கெனவே நீண்ட காத்திருப்போர் பட்டியல் இருந்தது. எட்டு கிளைகளில் 10 முதல் 16 வயதுள்ள 959 பேரைக் குலுக்கலில் பிரித்து, பாதிப் பேருக்கு உடனே துணை தேடத் தொடங்கி, மறுபாதியை 18 மாதம் பட்டியலிலேயே வைத்திருந்தார்கள். 1995-இல் வந்த முடிவில், திட்டத்தில் இருந்தவர்கள் போதைப்பொருள் பழக்கத்தைத் தொடங்கும் வாய்ப்பு 46 சதவீதமும், மது தொடங்கும் வாய்ப்பு 27 சதவீதமும் குறைவாக இருந்தது. 'முதலில் வந்தவருக்கு முதலில்' என்ற முறை, தகவல் சீக்கிரம் எட்டும் குடும்பங்களுக்குச் சாதகம். பல இடங்களில் குலுக்கல்தான் அதைவிட நேர்மையானது என்பது என் எண்ணம். ஆனால் ஒருவர் ஆபத்தில் இருக்கிறார் என்று தெரிந்தால் அவரைக் குலுக்கலில் போடக் கூடாது. முதலிலேயே சேர்த்துக்கொண்டு, மீதிப் பேரைக் குலுக்க வேண்டும்.

உண்மையான தடை ஆள் எண்ணிக்கை. பலனை 'திட்ட விலக்கம்' என்ற புள்ளியியல் அலகில் அளப்பார்கள். மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதே அந்த அலகு. கல்வித் திட்டங்களில் 0.2 திட்ட விலக்கம் என்பது நல்ல பலன். அவ்வளவு வித்தியாசத்தை வழக்கமான உறுதியோடு கண்டுபிடிக்க, ஒரு குழுவுக்கு ஏறக்குறைய 400 பேர், மொத்தம் 800 பேர் வேண்டும். 0.5 அளவுக்குப் பெரிய பலனை எதிர்பார்த்தால் குழுவுக்கு 64 பேர் போதும், ஆனால் அவ்வளவு பெரிய பலன் அபூர்வம். ஆட்களைக் குலுக்காமல் மையங்களைக் குலுக்கினால் தேவை இன்னும் ஏறும். 60 குழந்தைகள் உள்ள திட்டம் குலுக்கல் ஆய்வு செய்து 'பலன் எதுவும் தெரியவில்லை' என்று வந்தால், பலன் இல்லையா, பார்க்கும் கண்ணாடிக்குத் திறன் இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த அறிக்கையைப் பார்த்து ஒருவர் மானியத்தை நிறுத்தினால் நல்ல திட்டமும் அதோடு போய்விடும்.

குலுக்க முடியாத இடத்தில் ஒத்தவர்களைத் தேடி ஒப்பிடலாம். கொரோனாவுக்குப் பிறகு தமிழ்நாட்டில் தன்னார்வலர்களைக் கொண்டு நடந்த இல்லம் தேடிக் கல்வியை அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் அப்படித்தான் ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து சோதித்ததில், பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் 24 சதவீதத்தை அவர்கள் இந்தத் திட்டத்தின் கணக்கில் வைத்தார்கள். வெறும் முன்-பின் சோதனை வைத்திருந்தால் மீட்சி முழுவதும் திட்டத்தின் பெயரில் எழுதப்பட்டிருக்கும். நாலில் ஒரு பங்கு என்பது ஒரு மாலை நேரத் திட்டத்துக்குப் பெரிய விஷயம்தான், ஆனால் முழுவதும் என்பதற்கும் அதற்கும் உள்ள தூரம் ஒப்பீட்டால்தான் தெரிந்தது.

பிறர் செய்த ஆய்வை எடுத்துக்கொள்வது

60 குழந்தைகள் உள்ள திட்டம் பின் என்ன செய்வது? வேறொருவர் ஆயிரம் பேரை வைத்துச் செய்த ஆய்வைப் படித்து, அவர்கள் செய்ததை அப்படியே செய்வது. அமெரிக்காவின் மின்னசோட்டா ரீடிங் கோர் என்ற வாசிப்புத் திட்டத்தைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் என்ஓஆர்சி நிறுவனம் குலுக்கல் முறையில் ஆராய்ந்தது. சிறு உதவித்தொகை பெறும் சேவையாளர்கள் அங்கே கற்பிக்கிறார்கள். பலன் இருந்தது, மிகச் சின்னக் குழந்தைகளிடம்தான் அதிகம் இருந்தது. கற்பிப்பவர்கள் பல பின்னணிகளிலிருந்து வந்தவர்கள், அனுபவமும் ஒரே மாதிரி இல்லை. ஆனால் பாடத்திட்டம் வரி வரியாக எழுதப்பட்டிருந்தது, தினமும் சுமார் இருபது நிமிடம் நடந்தது, ஒரு பயிற்றுநர் வந்து கவனித்துத் திருத்தினார்.

'தன்னார்வலர் வாசிப்பு கற்றுத்தந்தால் பலன் உண்டு' என்ற ஒற்றை வரியை மட்டும் அந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொண்டு, வாரம் ஒருநாள், எழுதப்பட்ட பாடம் இல்லாமல், யாரும் கவனிக்காமல் நடத்தினால், நாம் நடத்துவது வேறு திட்டம். அங்கே கிடைத்த பலனை இங்கே உரிமை கொண்டாட முடியாது. இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர் செய்ய வேண்டிய அளவீடு ஒன்றுதான்: ஆய்வில் இருந்த அம்சங்களை ஐந்தாறாக எழுதிவைத்து, நம்மிடம் அவை நடக்கின்றனவா என்று மாதாமாதம் பார்ப்பது. இருபது நிமிடம் நடந்ததா? வாரத்தில் எத்தனை நாள்? கவனிப்பாளர் வந்தாரா? இதற்கும் அந்தப் பழைய பதிவேடுதான் தேவைப்படுகிறது.

பிறர் ஆய்வு வேண்டாம் என்றும் சொல்லும். தடம் மாறும் இளைஞர்களைச் சிறைக்குக் கூட்டிப் போய்க் கைதிகளைக் கொண்டு மிரட்டித் திருத்தும் திட்டங்களைக் குலுக்கல் ஆய்வுகளில் சோதித்தபோது, அவை குற்றத்தைக் கூட்டவே செய்தன. அதைத் தன் இடத்தில் மீண்டும் சோதித்துப் பார்க்க ஒரு காசு செலவழிக்க வேண்டியதில்லை.

மானியம் தருபவர் பக்கம்

இதுவரை சொன்னது நடத்துபவருக்கு. தருபவருக்கும் இதே தேர்வு உண்டு, ஆனால் அவர் ஐம்பது திட்டங்களை ஒன்றாகப் பார்க்கிறார். எல்லோரிடமும் ஒரே அளவு சான்று கேட்பது அவர் எடுக்கக்கூடிய மோசமான முடிவு. சின்ன அமைப்பு அறிக்கை எழுதியே ஓய்ந்துபோகும். அமெரிகார்ப்ஸ் என்ற அமெரிக்க அரசின் சேவை நிறுவனம் இதைப் படிப்படியாக வைத்திருக்கிறது. குறிப்பிட்ட ஒரு தொகைக்கு மேல் பெறும் பெரிய மானியதாரர்கள் வெளியாரைக் கொண்டு மதிப்பீடு செய்ய வேண்டும். அதற்குக் கீழே உள்ளவர்கள் தாங்களே செய்துகொள்ளலாம். போட்டி மானியங்களில் விண்ணப்பதாரரின் சான்றை நான்கு நிலைகளாகப் பிரித்து மதிப்பெண் தருகிறார்கள். வரம்பு எங்கே என்பதில் வாதம் இருக்கலாம், ஆனால் தொகைக்கு ஏற்ற சான்று என்ற அடிப்படை சரி. நான் இதோடு ஒன்றைச் சேர்ப்பேன்: கேட்கும் சான்றுக்கான செலவைத் திட்டப் பணத்திலிருந்து எடுக்க வைக்காமல் தனியாகத் தர வேண்டும்.

விண்ணப்பங்களைத் தேர்ந்தெடுப்பதிலும் தரவுக்கு இடமிருக்கிறது. அமெரிக்காவின் மருத்துவ ஆய்வு மானிய விண்ணப்பங்களை ஒரே நேரத்தில் பல குழுக்களிடம் கொடுத்துப் பார்த்த 2018 ஆய்வில், ஒரே விண்ணப்பத்துக்கு மதிப்பீட்டாளர்கள் தந்த மதிப்பெண்கள் ஒத்துப்போகவே இல்லை. அவை எல்லாமே தரமான விண்ணப்பங்கள், அதனால் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பது கடினம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நியூசிலாந்தின் சுகாதார ஆய்வுக் கவுன்சில் 2013 முதல் ஒருவகை மானியத்துக்குத் தகுதி பார்த்தபின் குலுக்கலில் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறது. சேவை மானியங்களிலும் தெளிவாக நல்லதை எடுத்து, தெளிவாகப் பொருந்தாததை விலக்கி, நடுவில் கோட்டுக்கு இருபுறமும் ஒட்டி நிற்பவற்றைக் குலுக்கலாம். 78 மதிப்பெண்ணுக்கும் 77-க்கும் இடையில் யாராலும் சொல்ல முடியாத வித்தியாசத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். மானியம் கிடைத்த, கிடைக்காத ஒத்த அமைப்புகள் இரண்டும் கிடைப்பதால், மானியத்தால் என்ன மாறியது என்பதையும் பிற்பாடு பார்க்கலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது

நூறு பேருக்குக் கீழே உள்ள திட்டம் என்றால் பதிவேடும் பிறர் ஆய்வும். மதிப்பீட்டுத் தொகையின் பெரும்பகுதி, பதிவேட்டை நிரப்பி மாதம் ஒருமுறை குழுவோடு உட்கார்ந்து அதைப் படிக்கும் ஒருவரின் சம்பளத்துக்குப் போகட்டும். சில நூறு பேர் உள்ள, நன்றாக நடந்துகொண்டிருக்கும் திட்டம் என்றால், 'மொத்தத் திட்டத்துக்குப் பலன் உண்டா' என்று கேட்காமல் கைக்கு அடக்கமான கேள்விகளைக் குலுக்கிப் பார்க்கலாம்: எப்போது கூப்பிடுவது, நினைவூட்டல் அனுப்புவதா, பயிற்சி எத்தனை நாள். அங்கேயும் ஆள் கணக்கு பார்க்க வேண்டும். 60 சதவீத வருகையை 70 ஆக்கியதா என்று அறியவே குழுவுக்குச் சுமார் 350 பேர் வேண்டும். பெரிதாக்கும் முடிவு மேசைமேல் இருக்கிறது, காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கிறது, இதே முறைக்கு வேறெங்கும் நல்ல ஆய்வு இல்லை, இந்த மூன்றும் சேர்ந்தால் முழுக் குலுக்கல் ஆய்வுக்குப் பணம் தேட வேண்டும். அப்போது அதைத் தள்ளிப்போடுவதுதான் வீண்செலவு. பேரிடர் உதவிக்கு இவை எதுவும் அப்படியே பொருந்தாது. உதவி எவ்வளவு சீக்கிரம், யார் விடுபட்டார்கள் என்ற இரண்டையும் பதிந்தால் போதும்.

எந்த வழியானாலும் குழந்தைகள், நோயாளிகள் விவரம் கோப்பில் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. பெயர் ஒரு கோப்பில், எண் குறியீட்டோடு மற்ற விவரம் இன்னொரு கோப்பில். நிதி தருபவருக்குப் போவது இரண்டாவது மட்டும். பயன்படாத கேள்விகளைப் படிவத்திலிருந்தே நீக்கிவிட்டால் காக்க வேண்டியதும் குறையும்.

இன்னொன்று, ஆய்வு தொடங்கும் முன் பேசி முடிக்க வேண்டியது. முடிவு மோசமாக வந்தால் என்ன நடக்கும்? மானியம் உடனே நிற்கும் என்று நடத்துபவர் பயந்தால், பதிவேட்டை நிரப்புபவருக்கும் அந்தப் பயம் இறங்கும், வராத நாள்கள் வந்த நாள்களாகிவிடும். அதனால் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம்: முதல் ஆண்டின் முடிவு எப்படி இருந்தாலும் இரண்டாம் ஆண்டுப் பணம் வரும், ஆனால் அந்த முடிவைப் பார்த்து எதை மாற்றினோம் என்று நடத்துபவர் காட்ட வேண்டும், யாருக்காவது தீங்கு நேர்கிறது என்று தெரிந்தால் மட்டும் உடனே நிறுத்த வேண்டும். முடிவு எதுவானாலும் அது வெளியிடப்படும் என்பதையும் அதே பக்கத்தில் சேர்த்துக் கையெழுத்திடலாம்; மின்னசோட்டாவில் செய்ததை இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்த முடிவது அவர்கள் வெளியிட்டதால்தான்.